சண்முகக்கனி டீச்சரும் நான் திருத்திய படமும்

செய்தி என் மனைவிக்குத்தான் முதலில் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி இருக்கும். நான் நாற்காலியில் சாய்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் போன் அடித்தது. சீதா பேசப் பேசக் குரல் இறங்கிக்கொண்டே போனது. வெளியே வந்து, "சண்முகக்கனி டீச்சர் போயிட்டாவளாம்" என்றாள். இரண்டு வாரமாகவே நெஞ்சில் சளி கட்டிச் சிரமப்பட்டாராம். காலை மாத்திரையைக் கொடுக்கப்போன கணவர் தங்கராஜ் அண்ணாச்சி, எழுப்பிப் பார்த்திருக்கிறார். எழவில்லை.

எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை. மறைத்து என்ன ஆகப்போகிறது, எழுதியே விடுகிறேன். ஒரே பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம் அவரோடு வேலை பார்த்தவன் நான். சீதா அவரைத் தெரிந்துகொண்டதே என் மூலமாகத்தான். அப்படியிருக்க, செய்தியை ஏன் அவளுக்குச் சொன்னார்கள் என்றுதான் என் மனம் போயிற்று. சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிய பிறகுதான் இனி அவர் இல்லை என்பது உறைத்தது.

டீச்சர் வீட்டுத் தெருவில் நுழைய இடமில்லை. பழைய மாணவிகள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் நின்றார். டவுன் பஸ் கண்டக்டர்கள் இரண்டு பேர் யூனிபாரத்தோடு வந்திருந்தார்கள். ஓட்டப்பிடாரத்திலிருந்தும் குளத்தூரிலிருந்தும் வேன் பிடித்து வந்தவர்கள், கை நடுங்க, மகனையோ மகளையோ பிடித்துக்கொண்டு வரிசையாக உள்ளே போனார்கள். நான் எதிர்ச்சுவர் நிழலில் நின்று தலைகளை எண்ணினேன். எண்ணி முடியவில்லை. என் சாவுக்கு இதில் பாதியாவது வருமா என்று நினைத்துக்கொண்டேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கத்தின் செயலாளர் அங்கேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "நம்ம சங்கப் பத்திரிகைக்கு இரங்கல் கட்டுரை நீங்கதான் சார் எழுதணும், அவியளோட ரொம்பப் பழக்கம்" என்றார். ஒத்துக்கொண்டேன். பாராட்டி எழுதுவது எனக்குக் கைவராத வேலை என்பது என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும். அறியாதவர்கள் போகப் போகத் தெரிந்துகொள்வார்கள்.

நாங்கள் இருவரும் ஒரே ஜூன் மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் டிராயிங் வாத்தியார், அவர் பி.டி. டீச்சர். எங்கள் பாடத்துக்கு ரேங்க் கார்டில் மரியாதை கிடையாது. பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் வந்து எங்கள் பீரியடைக் கடன் கேட்பார். திருப்பித் தந்ததாக எனக்கு நினைவில்லை. அப்படிப் பீரியட் பறிபோன மதியங்களில் ஸ்டாப் ரூமில் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். சிநேகம் அப்படி வளர்ந்தது.

பொறாமையும் அந்த வருடமே ஆரம்பித்துவிட்டது. விளையாட்டு விழாவுக்கு மைதானத்தில் ஓடுபாதை போடவேண்டும். எங்கள் மைதானம் கரிசல். மழை நின்று காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கோடு என்றால் டிராயிங் சார் என்று தலைமையாசிரியர் என்னை அனுப்பினார். நான் நூல், முளைக்குச்சி, கோணமானி எல்லாம் கொண்டுபோய் இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். வளைவு மட்டும் வரவேயில்லை. டீச்சர் ஒரு டப்பாவில் சுண்ணாம்புப் பொடியை எடுத்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து, குனிந்த தலை நிமிராமல் வளைவைப் போட்டு முடித்தார். அத்தனை பேர் முன்னாலும் தலைமையாசிரியர், "கோடு போடுறத டீச்சர்ட்ட கத்துக்கிடுங்க சார்" என்றார். ஒரு வாரம் நான் ஸ்டாப் ரூமில் டீ குடிக்கவில்லை. எனக்கு வயிறு சரியில்லை என்று நினைத்து டீச்சர் ஓமத் தண்ணீர் போட்டுக் கொண்டுவந்தார்.

ஓய்வுபெற ஐந்தாறு வருடம் இருந்தபோது அவரிடம் சில மாற்றங்கள் தெரிந்தன. நடக்கும்போது வலது கை வீசவில்லை. விசில் சத்தம் மைதானத்தைத் தாண்டவில்லை. வருகைப் பதிவேட்டில் அவர் எழுத்து மாதத்துக்கு மாதம் சிறுத்துக்கொண்டே வந்தது. "என்ன டீச்சர், எறும்பு ஊருது?" என்று நான் கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. யாரைப் பார்த்தும் சிரிக்கவில்லை. அந்த வருடம்தான் எங்கள் பிள்ளைகள் கோ-கோவில் கோப்பை வாங்கியிருந்தார்கள். டீச்சருக்குத் திமிர் வந்துவிட்டது என்று நான் நம்பினேன், நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன். முகத்துத் தசைகளை இறுக்கி, சிரிப்பை வெளியே விடாமல் செய்கிற நோய் ஒன்று உண்டு என்று எனக்கு அப்போது தெரியாது.

ஒருநாள் இடைவேளை முடிந்து மணி அடித்தது. டீச்சர் ஸ்டாப் ரூம் வாசலில் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் என்னைப் பார்த்து மெதுவாக, "கால் வரமாட்டேங்கு சார். தரையில குறுக்க ஏதாச்சும் போடுங்க" என்றார். கையிலிருந்த மர அடிக்கோலைப் போட்டேன். அதைத் தாண்டினார், பிறகு ஒன்றும் நடக்காததுபோல வகுப்புக்குப் போய்விட்டார். வெறும் தரையில் எழும்பாத கால், தாண்டுவதற்கு ஒரு கோடு கிடைத்தால் எழும்புகிறது என்பதை எந்த மருத்துவரும் சொல்லாமல் அவரே கண்டுபிடித்திருந்தார். மதுரையில் பெரிய டாக்டர் பார்க்கின்சன் என்று பெயர் சொன்னது அதற்குப் பிறகுதான்.

ஓய்வுபெற்ற சில மாதங்களில் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். இயன்முறை மருத்துவர் படம் வரையச் சொல்லியிருக்கிறாராம். விரலால் வரைந்தால் போதாது, தோளிலிருந்து கை முழுக்க வீசிப் பெரிதாக வரையவேண்டுமாம். "எனக்கு மைதானத்துல கோடு போடத்தான் தெரியும் சார். நீங்க சொல்லிக் குடுங்க" என்றார். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. ஒருவழியாக என் துறைக்கு வந்து என்னிடம் கேட்கிறார் அல்லவா. கனசதுரம், உருளை, கூம்பு என்று முறையாக ஆரம்பித்தேன். பென்சிலை எப்படிப் பிடிக்கவேண்டும் என்று காட்டினேன். மூன்றாம் வாரம் டீச்சர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இது என் கைக்குச் சின்னது" என்றார்.

குளத்தூரில் அவருடைய தம்பி கரிமூட்டம் போடுகிறவர். சீமைக்கருவேல மரத்தை மூட்டம் போட்டு எரித்த கரி ஒரு சாக்கு வந்து இறங்கியது. தீப்பெட்டி ஆபீஸிலிருந்து பெரிய அட்டைகள் வந்தன. டீச்சர் அட்டையைச் சுவரில் சாய்த்து, முழங்கை நீளத்துக்குக் கரியை இழுத்து வரைந்தார். சும்மா மடியில் கிடக்கும்போது உதறுகிற கை, கரியைப் பிடித்ததும் பெரும்பாலும் அடங்கிவிடும். மாத்திரையின் வேகம் குறைகிற நேரத்தில் மட்டும் நடுக்கம் கோட்டுக்குள் இறங்கும். அவர் அதையும் அழிக்கமாட்டார். ஓடுகிற பிள்ளைகள், குனிந்து புறப்படக் காத்திருக்கிற பிள்ளைகள், கோ-கோவில் எழுந்து பாய்கிற பிள்ளை. முகம் இருக்காது, விரல் இருக்காது. ஆனால் அந்தப் பிள்ளை எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்று பார்க்கிறவனுக்குத் தெரியும். நாற்பது வருடம் படம் வரைந்தும் என் படத்தில் ஒருவரும் எந்தப் பக்கமும் திரும்பியதில்லை.

சீதா அதில் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டினாள். கல்யாணமான புதிதில் நான் வரைந்த லட்சுமி படம் இன்னும் பரணில் இருக்கிறது.

டீச்சர் தனக்கு மட்டும் வரைந்துகொண்டு சும்மா இருந்திருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். அவர் ஊரைக் கூட்டினார். மூடிக்கிடந்த தீப்பெட்டி ஆபீஸ் குடோன் ஒன்றை அதன் முதலாளி கொடுத்தார். அவருடைய அம்மாவுக்கும் இதே நோய் இருந்ததாம். சனிக்கிழமைதோறும் அங்கே கூட்டம். பார்க்கின்சன் வந்தவர்கள் சுற்று வட்டாரத்திலிருந்து வருவார்கள். தரையில் குறுக்குக் கோடுகளைத் தாண்டி நடப்பார்கள், பெரிய சத்தத்தில் பாட்டுச் சொல்வார்கள், பிறகு அட்டையும் கரியுமாக உட்காருவார்கள். எப்போதும்வென்றான் ஊரிலிருந்து சுப்பையா அண்ணாச்சி என்ற விவசாயி வருவார். பருத்தியும் உளுந்தும் போடுகிறவர், பென்சிலே பிடிக்காதவர். முதல் நாள் அவருக்கு வரைய வரவில்லை. டீச்சர், "உங்க புஞ்சையில ஏர் எப்படிப் போகும், அதைப் போடுங்க" என்றார். அவர் அட்டையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நாலு கோடு இழுத்துவிட்டு அழுதார்.

டீச்சர் அங்கே அடிக்கடி சொல்வது ஒன்று. "இந்த நோய் நம்மளச் சுருக்கப் பாக்குது. எழுத்தச் சுருக்குது, நடையச் சுருக்குது, சத்தத்தச் சுருக்குது. நாம எல்லாத்தையும் பெருசாப் போடணும்."

சொன்னபடி பெரிதாகத்தான் போட்டார். ஒரு வங்கியில், கையெழுத்து சிறுத்துப்போய் ஒத்துவரவில்லை என்று சனிக்கிழமைக்காரர் ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் டீச்சர் பதினோரு பேரை அழைத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தார். பதினோரு பேரும் புதிதாகக் கையெழுத்து மாதிரி பதியவேண்டும் என்றார். ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் ஆனது. மேலாளர் கடைசியில் தானே நாற்காலி எடுத்துப் போட்டு, என்ன நோய் என்று விசாரித்தார். பஸ்ஸில் ஏறத் திணறுகிறவர்களைக் குடிகாரர்கள் என்று திட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் ஒரு சுவரொட்டி தயார் செய்தார். நடுவில் டீச்சர் வரைந்த படம், படிக்கட்டில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஆள். கீழே "இவர் குடிக்கவில்லை. இவருக்குப் பார்க்கின்சன். இரண்டு நிமிடம் கொடுங்கள்" என்ற எழுத்து என்னுடையது. ஒவ்வொரு எழுத்தையும் அளந்து எழுதினேன். பஸ் ஸ்டாண்டில் அதை நின்று பார்த்தவர்கள் எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள். எழுத்து நன்றாக இருக்கிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

மாத்திரை தட்டுப்பாடில்லாமல் கிடைக்கவேண்டும் என்று கலெக்டரிடம் மனுக் கொடுக்கப் போனபோதும் நான்தான் துணைக்குப் போனேன். டீச்சரின் குரல் அதற்குள் உள்ளங்கையளவு ஆகிவிட்டது. அந்தக் குரலைக் கேட்க அங்கே இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினார்கள். என் வகுப்பில் நான் பிரம்பால் மேசையைத் தட்டியும் அப்படி ஓர் அமைதி வந்ததில்லை. அந்த நாட்களில் காலையில் காபி டம்ளரைத் தூக்கும்போது என் கை நடுங்குகிறதா என்று பார்ப்பேன். நடுங்காது. அதில் எனக்கு ஒரு சின்ன ஏமாற்றம் இருந்தது. இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று படிக்கிறவர்கள் கேட்கலாம். இருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், கல்யாண மண்டபம் ஒன்றில் சனிக்கிழமைக்காரர்களின் படங்களைக் கண்காட்சியாக வைக்க ஏற்பாடாயிற்று. ஒரு கண்காட்சி வைக்கவேண்டும் என்பது என் முப்பது வருட ஆசை. இடம் கேட்டு, ஆள் பார்த்து, ஒன்றும் நடக்கவில்லை. டீச்சர் கேட்கவேயில்லை, அவருக்கு நடந்தது. படங்களுக்கு ஓரம் வெட்டிச் சட்டம் போடுகிற வேலையை என்னிடம் கொடுத்தார். ஒரு வாரம் எல்லாம் என் வீட்டு மாடியில் இருந்தன.

அதில் டீச்சர் ஆள் உயரத்துக்கு வரைந்த ஒரு படம். ஒரு பெண் நடந்து வருகிறாள். தலையிலிருந்து பாதம்வரை கோடு நடுங்கி, விட்டு விட்டு வந்திருந்தது. முழங்கால் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. வியாழக்கிழமை மதியம் நான் அதன் முன்னால் உட்கார்ந்தேன். டிராயிங் வாத்தியாருக்கு ஒரு பழக்கம் உண்டு. பிள்ளை படத்தைக் கொண்டுவந்து நீட்டினால், கேட்காமலே அதன்மேல் கோடு போட்டுத் திருத்திக் கொடுத்துவிட்டுத்தான் மார்க் போடுவோம். என் கை அப்படித்தான் போனது. முதலில் முழங்காலை மட்டும் சரிசெய்வோம் என்றுதான் நினைத்தேன். துணியால் தட்டினேன், கரி உதிர்ந்துவிட்டது. முழங்காலைச் சரிசெய்ததும் பாதம் கோணலாகத் தெரிந்தது. பாதத்துக்குப் பிறகு இடுப்பு, இடுப்புக்குப் பிறகு தோள். சாயங்காலம் சீதா காபி கொண்டுவரும்போது, அந்த அட்டையில் டீச்சர் போட்ட கோடு ஒன்றுகூட மிச்சமில்லை. இலக்கணப்படி ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். உதவி செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொறாமையில் செய்தேன் என்று இப்போது எழுதுகிறேன்.

கண்காட்சி அன்று சிறப்பு விருந்தினராக வந்தவர் நேரே அந்தப் படத்தின் முன்னால்தான் போய் நின்றார். மேடையேறியதும் அதைத்தான் பேசினார். இவ்வளவு நடுங்கும் கையிலிருந்து இப்படி நேரான கோடு வந்திருக்கிறது, நோயை வென்றுவிட்டார் என்றார். டீச்சர் நாற்காலியிலிருந்து திரும்பி அந்தப் படத்தைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த முகத்தில்தான் ஒன்றும் தெரியாதே. எழுந்து வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் டீச்சர் மைக்கை வாங்கினார்.

"அது நான் வரைஞ்சதில்ல. எங்க டிராயிங் சார் வரைஞ்சது. எங்களோட ஒரு படம் இருக்கட்டும்னு குடுத்திருக்காவ."

சனிக்கிழமைக்காரர்கள் முதலில் தட்டினார்கள். பிறகு மண்டபம் முழுக்கத் தட்டியது. விருந்தினர் இறங்கிவந்து என் கையைக் குலுக்கினார். என் வாழ்க்கையில் ஒரு படத்துக்காக எனக்குக் கிடைத்த கைதட்டல் அது ஒன்றுதான். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதுதான் கொடுமை.

கூட்டம் கலைந்த பிறகு டீச்சர் என்னை அழைத்தார். "எம் படம் அடியில இருக்கா சார்?" என்று கேட்டார். இல்லை, துடைத்துவிட்டேன் என்றேன். யாராவது போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்களா என்று கேட்டார். எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. உதறுகிற கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பஸ் ஸ்டாண்டுலருந்து வீடு வரைக்கும் யாரையும் பிடிக்காம வந்தேன்ல சார், அன்னைக்கு வரைஞ்சது. வீட்டுக்கு வந்ததும் நின்ன வாக்குல வரைஞ்சேன்."

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று மூன்று வருடம் சனிக்கிழமைதோறும் போனேன். போய் அட்டை வெட்டினேன், கரி உடைத்துக் கொடுத்தேன், தரையில் கோடு போட்டேன். வாய் மட்டும் வரவில்லை. அவருக்கு நடை அந்த வருடத்தோடு குறைந்துபோனது. பஸ் ஸ்டாண்டிலிருந்து தனியாக வந்தது அந்த ஒரு நாள்தான் கடைசி. கண்காட்சி முடிந்ததும் அந்தப் படத்தைக் குடோனில் மாட்டச் சொல்லி, கீழே என் பெயரை எழுதச் சொன்னதும் டீச்சர்தான்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால், சனிக்கிழமை குடோனுக்கு எடுத்துப்போனேன். டீச்சர் இல்லாத முதல் கூட்டம். பதினேழு பேர் வந்திருந்தார்கள். இதுவரை நீங்கள் படித்தது அத்தனையும் அவர்களுக்கு வாசித்தேன். இடையில் இரண்டு தடவை தண்ணீர் குடித்தேன். முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

சுப்பையா அண்ணாச்சிதான் பேசினார். "அது எங்களுக்கு அன்னைக்கே தெரியும் சார்" என்றார்.

டீச்சர் சொன்னார்களா என்று கேட்டேன்.

"அவிய ஒண்ணும் சொல்லல. நடுங்குத கை போட்ட கோடு எது, நடுங்காத கை போட்ட கோடு எதுன்னு எங்களுக்குத் தெரியாதா? அந்தப் படத்த அவிய வரைஞ்ச மறுநாளே நாங்க இங்கன பாத்துட்டோம்."

பிறகு ஏன் கை தட்டினீர்கள் என்று கேட்டேன்.

"டீச்சர் ஒங்க பேரச் சொல்லிட்டு எங்களப் பாத்தாவ. தட்டுங்கன்னு பாத்தாவ. தட்டுனோம்."

என் பெயரை அங்கிருந்து எடுத்துவிடலாம் என்றேன். யாரும் எழுந்திருக்கவில்லை. அது டீச்சர் எழுதச் சொன்ன பெயர், இருக்கட்டும் என்றார்கள். ஓர் அம்மா எனக்கு முன்னால் ஒரு அட்டையை விரித்து, கரித்துண்டு ஒன்றை எடுத்து வைத்தார்.

டீச்சர், உங்களிடம் நேரில் கேட்காத மன்னிப்பை அச்சில் கேட்கிறேன். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது பொய். இவ்வளவு நாள் உங்கள் கோட்டின்மேல் பொறாமைப்பட்டேன். சனிக்கிழமையிலிருந்து, என்னை அத்தனை பேர் முன்னால் காப்பாற்றிவிட்டு அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருந்தீர்களே, அதன்மேல் படுகிறேன். அது எனக்கு ஒருநாளும் வராது. அன்று அந்த அட்டையில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நீங்கள் தனியாக நடந்துவந்ததை வரையப் பார்த்தேன். நான் அழித்ததை நானே திரும்ப வைக்கவேண்டும் அல்லவா. கை நடுங்கவில்லை, கோடு நேராக வந்தது. அட்டையைத் திருப்பிப் போட்டு மறுபடி வரைந்தேன், மறுபடியும் நேராகவே வந்தது. வருகிற சனிக்கிழமையும் போவேன். நீங்கள் போய்வாருங்கள் டீச்சர், யாரையும் பிடிக்காமல்.